கொழும்பில் தெரு ஓவியம் இல்லை என்கிறவருக்கு

2023 ஒக்டோபர் 8, காலை (ஒரு வாசகர் எழுதியது)

மெல்பேர்னில் பிறந்து வளர்ந்தவன், வயது இருபத்தாறு. மூன்று வார விடுமுறையில் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் நிற்கிறேன். அங்கே தெரு ஓவியங்களுக்குப் பெயர்போன ஓசியர் லேன் பக்கத்தில் வேலை செய்கிறவன் என்பதால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவர்களைத்தான் பார்ப்பேன். இரண்டு நாள் காலி வீதி நெடுகிலும் கோட்டை வரை நடந்தேன். கண்டவை விளம்பரப் பலகைகள், கிழிந்த தேர்தல் சுவரொட்டிகள், கண்ணீர் அஞ்சலிகள், வெளிறிப்போன இரண்டு சிங்கங்கள். கொழும்பில் தெரு ஓவியம் என்று ஒன்று இல்லை என்பதே என் முடிவு. பிழை என்றால் எங்கே போய், எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

2023 ஒக்டோபர் 8, இரவு

பிழைதான் தம்பி. கண் பிழையில்லை, பிடித்த வீதி பிழை. காலி வீதியில் வரைவதற்கு மதில் ஏது? கண்ணாடி, ஷட்டர், அதற்கு மேலே பெயர்ப்பலகை. அங்கே ஒரு சாண் சுவருக்கும் வாடகை உண்டு.

நாளை வெள்ளவத்தையில் ரயில் ஏறி மூன்றாவது நிலையமான கொம்பனித்தெருவில் இறங்குங்கள். காலை எட்டு மணிக்கு முன் போங்கள். பிறகு முச்சக்கரவண்டிகள் வந்து சுவரோடு சுவராக நின்றுவிடும், ஓவியத்தில் பாதி முகம் மறைந்துபோகும். மலே வீதி, சர்ச் வீதி, ஜாவா ஒழுங்கை, வேகந்தை என்று கால்போன போக்கில் நடவுங்கள். அந்தப் பகுதியிலேயே வளர்ந்த ஃபிரி ரஹ்மான், விக்கி ஷாஜஹான் முதலிய ஓவியர்கள் 2018இல் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினார்கள். நாங்கள் இந்த இடத்து ஆட்கள் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு. அங்கே குடியிருக்கிறவர்களின் உருவங்களை அந்த ஒழுங்கைகளின் சுவர்களிலேயே வரைந்தார்கள். தலைவர் இல்லை, நடிகர் இல்லை, கிரிக்கெட் வீரர் இல்லை. அடுத்த வாசலில் இருக்கிறவர் மட்டும்.

2010 மே மாதம் அங்கே மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் வேறிடத்துத் தொடர்மாடிகளுக்குப் போய்விட்டன. வீடு இருந்த இடங்களில் இப்போது அண்ணாந்து பார்த்தாலும் முடியாத கட்டடங்கள். இதை அறிந்துகொண்டு அந்த முகங்களைப் பாருங்கள். இந்த ஆள் இந்த ஒழுங்கையில் இருக்கிறார் என்று சுண்ணாம்பின் மேல் எழுதிக் கொடுத்த சாட்சி அது. மேசையில் இருக்கிற எந்த உறுதிப் பத்திரத்தைவிடவும் அது எனக்குப் பெரிது.

எப்படிப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். தொலைபேசியை எடுக்குமுன் வாசலில் நிற்கிறவரிடம் "இது யார்?" என்று கேளுங்கள். பெயரைச் சொல்வார், வீட்டைக் காட்டுவார், சில வேளை அந்த ஆளையே கூப்பிட்டுவிடுவார். ஓவியத்தின் பாதி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

நான் ஆமர் வீதிப் பக்கம் ஒரு பெயின்ட் கடையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கலை படித்தவன் இல்லை. சுவரில் ஏறுகிற பொருளை விற்கிறவன்.

2023 ஒக்டோபர் 9

கொம்பனித்தெரு என்று எழுதியதற்கு, ஆங்கிலப் பெயரைப் போட்டிருந்தால்தானே வெளிநாட்டுப் பிள்ளைக்குப் புரியும் என்கிறார் ஒருவர். தமிழிலும் சிங்களத்திலும் அது எப்போதும் கொம்பனித்தெருதான். அடிமைகளின் தீவு என்ற பெயர் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை ஒல்லாந்தர் அடைத்து வைத்த இடம் அது. 2022இல் ஆங்கிலத்திலும் சிங்களப் பெயரையே எழுத வேண்டும் என்று அரசாங்கம் முடிவுசெய்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அந்த அடிமைகளுக்கு அங்கே வேறொரு நினைவுக்கல்லை நான் கண்டதில்லை. பெயராவது இருந்தது.

2023 ஒக்டோபர் 15

"வெளிறிப்போன இரண்டு சிங்கங்கள்." ஒரு வாரமாக இந்தச் சொற்கள் என்னை விடவில்லை. அந்தச் சிங்கங்களுக்கு மஞ்சள் விற்றவர்களில் நானும் ஒருவன்.

2019 நவம்பர் 16இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. முடிவு வந்த கையோடு நாடு முழுவதும் இளைஞர்கள் மதில்களில் வரையத் தொடங்கினார்கள். கடையில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம். நான்கு பேர், ஐந்து பேராக வருவார்கள். பத்து லீட்டர் வெள்ளை எமல்ஷன் ஒன்று, நிறம் கலக்கிற ஸ்டெயினர் போத்தல் ஆறு ஏழு, இரண்டு அங்குல பிரஷ் மூன்று. இருபது ரூபாய்த் தாள்களை மேசையில் அடுக்கி எண்ணுவார்கள். போதாமல் போனால் பிரஷ் ஒன்றைத் திருப்பித் தருவார்கள், பெயின்டைக் குறைக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். ஊர் நமக்கு என்ன செய்தது என்று கேட்காமல் தெருவுக்கு இறங்கிய பிள்ளைகள் அவர்கள்.

சுவரில் வந்ததைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. வாள் ஏந்திய அரசர், இராவணன், போர்வீரன், தூபி, குளம், சிங்கம். முடிந்து பத்து ஆண்டான போர் மறுபடியும் சுவரில் நின்றது, வென்றவரின் முகத்தோடு மட்டும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சுவர்களில் ஓர் இடமும் தெரியவில்லை. கோபப்பட்டேன் என்று எழுதினால் பொய். பயந்தேன். அந்த ஆண்டு ஏப்ரல் 21இல் எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததிலிருந்தே ஊர் முழுவதும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

டிசம்பர் நடுவில் ஒரு குழு வந்தது. சிங்களப் பிள்ளைகள், பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருக்கிற வயது. எங்கள் பகுதியில் ஓர் அலுவலகத்தின் நீண்ட மதிலை எடுத்திருந்தார்கள். பெயின்ட் எல்லாம் கட்டி முடிந்த பிறகு அவர்களில் ஒருத்தி கேட்டாள். "அங்கிள், 'அபே நகரய' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?" அத்தனை நாளும் கடைக்கு வந்த அத்தனை பேரில் அப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான். பில் தாளின் பின்பக்கத்தில் 'எங்கள் நகரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரக் கடைசியில் போய்ப் பார்த்தேன். நீல வானம், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், கோபுரம், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை. கீழே மூன்று மொழிகள். தமிழில் 'எஙகள நகரம' என்று இருந்தது.

மூன்று புள்ளிகளும் இல்லை.

2023 ஒக்டோபர் 16

மேலே விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். பலர் பொறுமையில்லாமல் கேட்டிருக்கிறீர்கள்.

அது அந்தப் பிள்ளைகளின் அலட்சியம் இல்லை. நான் பேனாவால் இட்ட புள்ளி சின்னது. சிங்களத்தில் மெய்யெழுத்துக்கு மேலே வருவது கொடி போன்ற ஒரு கோடு, புள்ளி அங்கே வழக்கமில்லை. தாளில் பேனா முனை குத்திய கறை என்று விட்டிருப்பார்கள். மற்ற எழுத்துகளை எவ்வளவு கவனமாக வரைந்திருந்தார்கள் தெரியுமா? 'க'வின் கொக்கியை அச்சில் இருக்கிற மாதிரியே வளைத்திருந்தார்கள்.

மூன்று வாரம் தினமும் அந்த வழியாகப் போனேன். நம் ஆட்கள் நின்று வாசித்துச் சிரிப்பதையும் பார்த்தேன். அரசாங்கப் பலகைகளில் நம் எழுத்து உடைந்து கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்களின் சிரிப்பு அது. ஆனால் இது அரசாங்கப் பலகை இல்லையே. கேட்டு எழுதிய பிள்ளைகளின் சுவர். அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது.

2020 ஜனவரியில், தைப்பொங்கலுக்குப் பிறகு வந்த ஞாயிறு, விடியற்காலை நாலரை மணி. வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பூசி மீந்த கறுப்பு எனாமல் கொஞ்சம் இருந்தது. ஒரு சின்ன பிரஷ். எழுத்துகள் நெஞ்சுயரத்தில் இருந்ததால் ஏணி தேவைப்படவில்லை. 'ங'வுக்கு மேல் ஒன்று, 'ள'வுக்கு மேல் ஒன்று. கை நடுங்கியது. பின்னால் செருப்புச் சத்தம். அந்தோனியார் கோயிலுக்கு முதல் பூசைக்குப் போகிற ஓர் அம்மா, முக்காடும் கையில் மெழுகுவர்த்தியுமாக நின்று பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "இன்னும் ஒன்று இருக்கிறது மகன்" என்று 'ம'வைக் காட்டினார். அதையும் வைத்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

2023 ஒக்டோபர் 22

"அடுத்தவரின் ஓவியத்தில் கை வைத்ததைப் பெருமையாக எழுதுகிறீர்கள்" என்று ஒருவர் கடிந்திருக்கிறார். நியாயமான கேள்வி. சுவரில் எழுதுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு, ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதினால் அது அவமதிப்பு. நியூயோர்க்கில் தாக்கி 183 என்று தன் பெயரையும் தெரு எண்ணையும் ஊரெல்லாம் எழுதிய இளைஞனைப் பற்றி 1971இல் அந்த ஊர்ப் பத்திரிகை எழுதிய காலத்திலிருந்தே அந்த உலகத்தில் பெயர்தான் எல்லாம், இடம்தான் எல்லாம். அந்தக் கணக்கில் நான் செய்தது குற்றம்.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் பழையது. சிகிரியாவில் கண்ணாடிபோல் மெருகிட்ட பழைய சுவர் ஒன்று உண்டு, கண்ணாடிச் சுவர் என்பார்கள். அதில் வந்தவர் போனவர் எல்லாம் கவிதை கீறிவைத்தார்கள். பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை. தொல்லியலாளர் செனரத் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் வெளியிட்டார். அன்று கீறியவர் இன்று நமக்குக் கவிஞர். 2015இல் கிழக்கிலிருந்து சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் அதே சுவரில் தன் பெயரைக் கீறியதற்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பிறகு ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அந்தச் சுவரை இனி யாரும் தொடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்டனை வாசித்த அன்று அந்தப் பிள்ளைக்காக நெஞ்சு அடைத்ததும் உண்மை.

புள்ளி வைத்தது சரியா? அந்தப் பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் கடைப் புத்தகத்தில் இருந்தது. அவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே வைக்கச் செய்திருக்கலாம். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அதைச் செய்திருக்க வேண்டும்.

2023 ஒக்டோபர் 28

மெல்பேர்ன் தம்பி நாளை விமானம் ஏறுகிறார். மூன்று காலைகள் கொம்பனித்தெருவுக்குப் போயிருக்கிறார். முதல் நாள் ஒருவரும் பேசவில்லை, இரண்டாம் நாள் பிளேன்டீ கொடுத்தார்கள், மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பழைய புகைப்படங்களை எடுத்துக் காட்டினாராம். எத்தனை ஓவியம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். எண்ண மறந்துவிட்டேன் என்று பதில் எழுதியிருக்கிறார். கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரத்துக்குப் பின்னால் எழும்பி நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களைக் கண்டு அரை மணி நேரம் நின்றாராம். நின்றது நல்லது.

2023 நவம்பர் 5

ஒரு திருத்தம். 2019 ஓவியங்களெல்லாம் அரசரும் சிங்கமும் என்று ஒக்டோபர் 15இல் எழுதிவிட்டேன். இன்று மனைவியோடு பொரளையிலிருந்து மருதானை வரை, பிறகு பேஸ்லைன் வீதியில் கொஞ்சத் தூரம் நடந்து பார்த்தேன். மிஞ்சியிருப்பவற்றில் சிங்கம் மூன்றே மூன்று. ஆலமரம், யானைக்குட்டி, வலை இழுக்கிறவர்கள், தாதி ஒருவர், மழையில் குடை பிடித்த இரண்டு சிறுமிகள். மனைவிதான் சொன்னார், "நீங்கள் பயந்ததை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்."

குடை பிடித்த சிறுமிகளின் பாவாடையில் மழைத்துளிகளை ஒவ்வொன்றாக வெள்ளையால் தொட்டிருக்கிறார்கள். கிட்டப் போனால்தான் தெரியும். பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாத துளிக்காக யாரோ ஒரு பிள்ளை வெயிலில் நின்றிருக்கிறது.

2023 நவம்பர் 19

"நான்கு ஆண்டில் இப்படி வெளிறிப்போகிறதே, நல்ல பெயின்ட் இல்லையா?" என்று கேட்கிறார்கள். இதற்கு நான் பதில் சொல்லலாம், இது என் தொழில்.

முதலில் சுவர். கொழும்பின் பழைய மதில்கள் நிலத்திலிருந்து ஈரம் குடிக்கின்றன. அந்த ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வரும், வெயிலில் காயும்போது உப்பு மட்டும் சுவரின் முகத்தில் தங்கும். வெள்ளை மாவு பூத்தது போல இருக்கும். உவர் பூத்துவிட்டது என்போம். எமல்ஷன் சுவரில் ஒரு தோல் போல மூடுவதால் உவர் அதை உள்ளேயிருந்து தள்ளும். கொப்புளம் கட்டும், செதில் செதிலாக விழும். மரீன் டிரைவ் பக்கம் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு இந்தத் தொல்லை குறைவு, அது ஈரத்தை வெளியே விடும்.

இரண்டாவது அடிப்பூச்சு. 2019இல் வந்த பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட அதை வாங்கவில்லை. காசு இல்லை. பழைய சுவரொட்டிப் பசையின் மேலேயே பூசினார்கள். பெயின்டுக்குத் தண்ணீர் கூட்டினார்கள்.

மூன்றாவது நிறம். சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் பச்சையும் நிற்கும் என்று கடையில் சொல்வோம். அதனால்தான் நான்கு ஆண்டு கழித்துப் பார்க்கும்போது சிங்கம் போய்விட்டது, குளமும் மரமும் நிற்கின்றன. தம்பி கண்ட வெளிறிய சிங்கத்தின் கதை இதுதான்.

2023 நவம்பர் 20

நேற்று எழுதியதில் பாதிதான் சரி. சிவப்பு எல்லாம் ஒரே சிவப்பு இல்லை. வெயிலில் போவது பளிச்சென்ற அந்தச் சாயச் சிவப்பு. காவி போகாது, அது இரும்பின் துரு நிறம், எந்த வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்கிறோமே, வெள்ளைப் பட்டை மங்கி அழுக்கேறிய பிறகும் காவிப் பட்டை காவியாகவே நிற்பதைப் பாருங்கள். சுண்ணாம்புக்கு நீலம் போடுகிறவர்களும் சலவை நீலத்தைத்தான் போடுகிறார்கள், சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். நம் முன்னோர் வைத்த நிறங்கள் வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் நின்று தேறிய நிறங்கள். இனிக் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லப்போகிறேன்.

2023 டிசம்பர் 3

காலிமுகத்திடலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு. எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்றுதான்.

ஜனாதிபதி பதவி விலக வேண்டும் என்ற போராட்டம் அங்கே 2022 ஏப்ரல் 9இல் தொடங்கியது, ஜூலை 22 விடியுமுன் இராணுவத்தை இறக்கி அகற்றினார்கள். அந்த நாட்களில் நான் பதினொரு தடவை போனேன். பெட்ரோல் இல்லை, கொட்டாஞ்சேனையிலிருந்து நடைதான். ஜனாதிபதி செயலகத்தைச் சுற்றி எழுதாத இடமில்லை. 1930இல் சட்டசபைக்காகத் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடம் அது. மார்க்கர் பேனா, கரி, மீந்த எமல்ஷன், தகரத்தில் வெட்டிய அச்சு, கையில் கிடைத்தது எல்லாம் எழுதுகோல். ஓவியர்கள் கூடாரம் போட்டார்கள். பண்டாரநாயக்கவின் சிலைக்கு யாரோ கண்ணைக் கட்டிவிட்டார்கள். கறுப்புத் துணி ஒன்று போதுமாக இருந்தது, அவ்வளவு பெரிய சிலையின் பொருளையே மாற்ற. நான் பார்த்த தெருக் கலையில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்தவரின் சிலை என்பதை எத்தனை பேர் நினைத்தார்களோ, நான் நினைத்தேன்.

அந்த ஆண்டு கடையில் ஒரே டின்னின் விலைச் சீட்டை மாதத்துக்கு இரண்டு முறை மாற்றி ஒட்டினேன். இறக்குமதிக் கட்டுப்பாட்டில் ஸ்டெயினர் போத்தல் வரவே இல்லை. அந்தத் தட்டுப்பாட்டிலும் எழுதினார்கள்.

மே 18இல் அங்கே, போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். கொழும்பின் நடுவில், பகலில், வெளிப்படையாக. ஒரு சிரட்டைக் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். தமிழில் ஒரு வரி இருந்தது. புள்ளிகளெல்லாம் சரியாக இருந்தன.

பிறகு எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார்கள். படங்கள் இருக்கின்றன என்பார்கள். படத்தில் அந்தக் கடற்காற்று இல்லை, பக்கத்தில் நின்று ஆளுக்கு ஆள் மொழிபெயர்த்துச் சொன்ன குரல்கள் இல்லை.

2023 டிசம்பர் 10

"அது அரசியல், கலை இல்லை" என்கிறார் ஒருவர். அவருக்கு ஒரு பீப்பாவைக் காட்டுகிறேன்.

போர்க்காலக் கொழும்பில் சோதனைச் சாவடி தோறும் தார்ப் பீப்பாக்கள் நிற்கும். பச்சை, காவி, கறுப்பு என்று திட்டுத் திட்டாகப் பூசியிருப்பார்கள். அந்தப் பீப்பாக்களுக்கு நடுவில் நான் எத்தனை மணி நேரம் நின்றிருப்பேன். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பிறந்த இடத்தையும் போகிற இடத்தையும் சொல்லிக்கொண்டு. பெயின்ட் கடைக்கு வந்த பிறகும் அந்தப் பீப்பாவின் நிறத்தை நான் நினைத்துப் பார்த்ததில்லை. நிறமாக அது என் கண்ணில் படவே இல்லை.

ஓவியர் சந்திரகுப்த தேனுவர அதைக் கண்டார். சோதனைச் சாவடிப் பீப்பாக்களையே கலையாக்கி, 1997இல் அதற்குப் பரலிசம் என்று பெயர் வைத்தார், ஆங்கிலத்தில் பரல் என்றால் பீப்பா. 1983 ஜூலையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஜூலை 23இல் கண்காட்சி வைக்கிறார். ஒரு முறை கடை மூடிய பிறகு போனேன். வெள்ளை அறையில் ஒரு பீப்பா. அதன் முன்னே போனதும் என் கை தானாகவே சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தொட்டது. பக்கத்தில் நின்றவர்கள் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கைக்கு நினைவிருந்ததை எனக்குக் காட்டிக் கொடுத்தது அந்தப் பூச்சு. அதைக் கலை இல்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

2024 ஜனவரி 7

சுவரோவியம் என்றால் இளைஞர் சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் பொரளை கோதமி விகாரைக்குப் போங்கள். ஜோர்ஜ் கீற் 1939, 1940இல் வரைந்த சுவர்கள் அங்கே இருக்கின்றன. உள்ளே அமைதி காக்கவும். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் வேலியோடு தொங்குகிற ஓவியங்களையும் நேரம் எடுத்துப் பாருங்கள். 1993இலிருந்து ஆண்டுக்கு ஒரு நாள் அங்கே கலா பொல என்ற ஓவியச் சந்தையும் கூடுகிறது. தெருவில் நின்று ஓவியரோடு பேசி வாங்கலாம்.

2024 பெப்ரவரி 2

சுதந்திர தினத்துக்கு முன் சுவர்களைச் சுத்தம் செய்கிறார்கள். எங்கள் மதிலுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். காலையில் போனபோது வானம், பாரந்தூக்கி, கோபுரம், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஒன்றும் இல்லை. 'எங்கள் நகரம்' இல்லை. சுண்ணாம்பு வாளியோடு நின்ற தொழிலாளியிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவர் தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்கிறார்.

அந்தப் பிள்ளையின் இலக்கம் பழைய புத்தகத்தில் கிடைத்தது. அழைத்தேன். எண் பாவனையில் இல்லை.

2024 மே 19

வெசாக் வியாழக்கிழமை. கடையில் நிற்க நேரமில்லை. தோரணம் வரைகிறவர்கள் எனாமல் கேட்டு வருகிறார்கள். பலகை பலகையாகப் புத்தரின் முற்பிறப்புக் கதையை வரைந்து, ஆயிரக்கணக்கில் மின்குமிழ் கட்டி, சில நாள் நிறுத்திவிட்டு இறக்குவார்கள். அடுத்த ஆண்டு வேறு கதை. இறக்கும்போது அழுவீர்களா என்று வாடிக்கைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். நாற்பது ஆண்டாக வரைகிறவர். "பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள், பலகைக்கு இனி என்ன வேலை" என்றார். எனக்கு அந்த மனம் இன்னும் வரவில்லை.

2024 ஜூன் 16

மூன்று வாரமாக மழை. இன்று ஞாயிறு, கொஞ்சம் வெளித்திருந்தது. விடியற்காலை அந்த வழியாகப் போனேன்.

சுண்ணாம்பு எனாமலில் பிடிக்காது. பத்தொன்பது ஆண்டு பெயின்ட் விற்கிறவன், பெப்ரவரியில் இது ஞாபகத்துக்கு வரவில்லை. வழவழப்பான பூச்சின் மேல் சுண்ணாம்பு வெறுமனே உட்கார்ந்திருக்கும், நல்ல மழை பெய்தால் வழுக்கி இறங்கிவிடும். வெள்ளை மதிலில், நெஞ்சுயரத்தில், மூன்று கறுப்புப் புள்ளிகள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு 'க' நிற்கிற இடம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு சொல் இடைவெளியும் மூன்று எழுத்துகளின் இடமும். தெரிந்தவருக்கு வாசிக்கலாம்.

அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று முதல் பூசைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசை முடிந்து ஆட்கள் திரும்பும் வரையும் நின்றேன். இன்று அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் போகிறேன்.